பாஸ்வேர்டு ஊருக்கே, பழி மட்டும் அக்காவுக்கு

போன வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு சிறப்புச் சொற்பொழிவு. வேலைக்குப் போகிறவர்கள் கம்ப்யூட்டரில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று. வந்தவர் கோட் சூட்டோடு ஏசி ஓடாத ஆடிட்டோரியத்தில் ஒன்றரை மணி நேரம் வியர்த்தார் (பாவம்). பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, மாதாமாதம் மாற்று, தெரியாத லிங்க்கைத் தொடாதே, ஓடிபி கேட்டால் போனை வை. கடைசியாக ஒரு பஞ்ச்: எந்த ஆபீஸிலும் ஓட்டை என்றால் அது ஊழியர்தான். கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். ஹாஸ்டலுக்கு வந்தபிறகுதான் எரிச்சல் வந்தது.

இரண்டாம் வருட லீவில் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். முதல் நாளே என்னிடம் இரண்டு சொத்துகளை ஒப்படைத்தார்கள். ஒன்று ஓர் எக்செல் ஃபைல். நூற்றுச் சொச்சம் பார்ட்டிகளின் ஜிஎஸ்டி, வருமானவரி பாஸ்வேர்டுகள் அத்தனையும் அதில். இன்னொன்று பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே பென் டிரைவ் மாதிரி டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி அதில் முதலாளி பெயர். பின் நம்பர் முக்கால்வாசிக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக. மீதிக்கு அந்தப் பிளாஸ்திரியிலேயே எழுதியிருக்கும்!

இந்த டோக்கன் என்னவென்று தெரியாத மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக: அது சட்டப்படி அந்த மனிதரின் கையெழுத்து. ரிட்டர்னில் மட்டுமல்ல, கம்பெனியில் ஒரு டைரக்டரைச் சேர்க்கும், நீக்கும் படிவத்திலும் அதை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துப் போட்ட வெற்று செக் நூறு, ஒரு பிஸ்கட் டப்பாவில். அதுவும் நேற்று வேலைக்குச் சேர்ந்த பி.காம். பையன் மேஜையில். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42, அந்தச் சாவியை வேறு யாரிடமும் போகாமல் பார்த்துக்கொள்வது கையெழுத்துக்காரரின் கடமை என்கிறது. எங்கள் பாடத்தில் இருக்கிறது. பரிட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். :-)

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்தியது டப்பா அல்ல, ஓடிபி. தனி முதலாளி என்றால் பெரும்பாலும் டோக்கன் இல்லாமலே ஓடிபி வைத்து ரிட்டர்னை முடித்துவிடலாம். ஓடிபி அவர் மொபைலுக்குத்தான் போகும். 20-ம் தேதி ராத்திரி, கடைசி நாள், என் சொந்த நம்பரிலிருந்து கூப்பிடுவேன். "அண்ணா, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேனுங்க, ஓடிபி வந்திருக்குமுங்க." பின்னால் தையல் மெஷின் சத்தம். ஆறு எண்களைச் சொல்லிவிட்டு "சரிங்க தம்பி" என்று வைத்துவிடுவார். நான் யார், எந்த ஆபீஸ், எதற்கு ஓடிபி என்று அந்த இரண்டு மாதத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் ஆபீஸிலேயே கோபப்பட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

இப்போது சொல்லுங்கள். மாதாமாதம் முன்பின் தெரியாத நம்பருக்கு ஓடிபி சொல்லிச் சொல்லி அந்த மனிதரைப் பழக்கியது யார்? நாளைக்கு ஒரு திருடன் இதே வாக்கியத்தை இதே குரலில் சொன்னால் அவர் எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பார்? வங்கி அனுப்பும் "யாரிடமும் பகிராதீர்கள்" எஸ்எம்எஸ் ஆயிரம் வந்தாலும் எங்கள் ஒரு போன் கால் அதைத் துடைத்துவிடும்.

அந்த ஆபீஸில் ஓர் அக்கா இருந்தார். ஆறு வருட சர்வீஸ். எனக்கு டேலி சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒரு பிரைவேட் லிமிடெட் பார்ட்டியின் கணக்கில் ஒரே பர்ச்சேஸ் பில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வரிக்கழிவு எடுத்து, நோட்டீஸ் வந்துவிட்டது. யார் போட்ட என்ட்ரி? 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்கவும் கூடாது என்பது விதி. பதிவாகித்தான் இருந்தது. தேதி, நேரம், எல்லாம் சுத்தமாக. பெயர் மட்டும் "அட்மின்". நாங்கள் நாலு பேரும் அட்மின்தான்! ஆளுக்கொரு யூசர் போட்டுக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அந்த சிஸ்டத்தில் அதிகம் உட்கார்வது அக்கா. அதனால் அக்காதான். எல்லோர் முன்னாலும் திட்டு, இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தம். "நான் போடலைங்க சார்" என்று ஒரு தடவைதான் சொன்னார். அந்த வாரம் நானும் அதே சிஸ்டத்தில் பில் ஏற்றினேன். நான் போட்டதாகவே இருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் அந்தச் சொற்பொழிவு மேல் கோபம். பாஸ்வேர்டைச் சொல்லாதே என்று யாரிடம் சொல்கிறார்? கேட்டால் கொடுத்தே ஆகவேண்டிய ஆளிடம். கேட்கிறவர் மேனேஜர். கொடுக்காவிட்டால் திமிர், கொடுத்துத் தப்பு நடந்தால் பலவீனமான ஊழியர். நன்றாக இருக்கிறது நியாயம்! இன்டர்னல் கன்ட்ரோல் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிறோமே, பில் போடுகிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று. நாலு பேர் ஒரே லாகினில் உட்கார்ந்தால் அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு?

"மாதாமாதம் மாற்று" கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2017-லேயே, திருடுபோன அடையாளம் இல்லாவிட்டால் தேதி வைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டியைத் திருத்திவிட்டது. 2003-ல் பழைய வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அதே 2017-ல் பேட்டி கொடுத்தார். மாற்றச் சொன்னால் மனிதர்கள் 123-ஐ 124 ஆக்குவார்கள். அந்த எக்செல்லில் 131 வரை பார்த்திருக்கிறேன்.

"தம்பி, 20-ம் தேதி ராத்திரி போர்ட்டல் தொங்கும்போது வந்து பார், அப்புறம் பேசு" என்று சீனியர்கள் சொல்வது கேட்கிறது. பார்த்தேனே. தாமதமானால் ஒரு நாளுக்கு 50 ரூபாய், வட்டி தனி. அவசரம் உண்மைதான். ஆனால் டேலியில் ஆளுக்கொரு யூசர் போட ஐந்து நிமிடம். ஈ-வே பில் தளத்தில் சப்-யூசர் வசதி இருக்கிறது, யார் எதைச் செய்யலாம் என்றுகூடப் பிரித்துக் கொடுக்கலாம். ஓடிபி கேட்டு போன் வந்தால் வைத்துவிட்டு, ஆபீஸின் தெரிந்த நம்பருக்குத் திருப்பி அடிக்கச் சொல்லி பார்ட்டிகளிடம் ஒருமுறை சொன்னால் போதும். டப்பாவில் உள்ளதை அவரவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். இதில் எதையும் அக்காவால் செய்ய முடியாது, ஆபீஸ்காரர் செய்யவேண்டும். கோட் சூட்காரர் இதை எங்களிடம் சொல்லாமல் அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.

வேலையை விட்டு ஐந்து மாதமாகிறது. போன மாதம் 20-ம் தேதி ராத்திரி பத்தேமுக்காலுக்கு ஒரு பனியன் கம்பெனி அண்ணன் வாட்ஸ்அப்பில் ஆறு எண்களை அனுப்பியிருந்தார். நான் கேட்கவே இல்லை. பதறிப்போய் ஆபீஸுக்கு போன் அடித்தேன். யாரோ புதுப் பையன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படிங்களா, நல்லதாப் போச்சு. அந்த நம்பரைச் சொல்லுங்க" என்றான்.