கைவலிக்குப் பயந்து ஊசியை விடலாமா?

ஒக்கலிபுரத்தில் நம்மவர் சிலர், 10 வயதில் ஊசி போட்டபோது பிள்ளைக்குக் கை வலித்தது என்று 16 வயதில் போட வேண்டியதைத் தட்டிக் கழிக்கிறார்கள். இது சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து. தொண்டை அடைப்பான், ரணஜன்னி இரண்டையும் தடுக்கும் ஊசி அது. அரசு இலவசமாகவே போடுகிறது.

வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை அந்த இடத்தில் வையுங்கள். கையை அசைத்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். மறுநாளுக்குப் பின்னும் சிவப்போ வலியோ கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரயில்வேயில் இருந்தவன் நான். தண்டவாளம் மாற்றிய இடத்தில் வண்டிகள் சில நாள் மெதுவாகத்தான் போகும். அதற்காகத் தண்டவாளத்தை மாற்றாமல் விட்டால் விபத்துதான். பெற்றோர் யோசிக்க வேண்டும்.