வினேஷ் யாரிடம் தோற்றார்?

எங்கள் சத்துவாச்சாரியில் எடைப் பிரிவு என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்க ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். பளுதூக்குதல் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில், டீக்கடையில் ஒரு பெரியவர் சொல்கிறார்: "ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போன பொண்ணு ரெண்டு நாளு வாயைக் கட்ட வேணாமாப்பா?" சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். வயசுக்கு மரியாதை கொடுத்து அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ். பெண்கள் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம், 50 கிலோ. காலையில் எடை பார்த்தபோது வினேஷ் போகத் 50-க்குள் இருந்தார். முதல் சுற்றிலேயே ஜப்பானின் யூய் சுசாகி. டோக்கியோவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியவர், சர்வதேசப் போட்டிகளில் 82 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காதவர். கடைசி நொடிகள் வரை 0-2 என்று பின்தங்கியிருந்த வினேஷ் 3-2 என்று ஜெயித்தார். (அந்தக் கடைசி நொடிகளை இன்னும் பார்க்காதவர்கள் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.) அப்புறம் உக்ரைனின் லிவாச்சை 7-5. அரையிறுதியில் கியூபாவின் குஸ்மானை 5-0. ஒரே நாளில் மூன்று வெற்றி.

ஆட்டங்களுக்கு நடுவே தண்ணீர், சாப்பாடு எல்லாம் உள்ளே போனதில் அன்று இரவு எடை 50-க்கு மேல் இரண்டரைக் கிலோவைத் தாண்டி நின்றது. ராத்திரி முழுக்க வியர்வை எடுத்தார்கள், முடியை வெட்டினார்கள், உடுப்பைக்கூடச் சுருக்கினார்கள். காலையில் 50.1. அவ்வளவுதான்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே?" சரி, அதையே பேசுவோம்.

பளுதூக்குதலில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள். ஒரு தடவைதான். மல்யுத்தத்தில் 2018-க்கு முன்னால் ஒரு பிரிவின் போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் இரண்டு நாள், இரண்டு எடை. அதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் நாள் எடை தவறினால் இறுதிப்போட்டியில் ஆட விடாதே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதி அங்கே நிற்கவில்லை. முதல் நாள் சரியான எடையோடு ஜெயித்ததையும் சேர்த்து அழித்து, ஆளைக் கடைசி இடத்துக்குத் தள்ளுகிறது. ஆம்பூரில் தோல் வியாபாரம் பண்ணுகிற யாரையாவது கேளுங்கள், ஈரத்தோலும் காய்ந்த தோலும் ஒரே எடையா என்று. நேற்று எடை போட்டுக் கணக்கு முடிந்த சரக்கை இன்று திரும்பவும் தராசில் வைத்து, நேற்றைய கணக்கும் செல்லாது என்றால் மண்டியில் சும்மா விடுவார்களா?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது, அதை நம் டிவிக்காரர்கள் சரியாகச் சொல்லவே இல்லை. மல்யுத்தத்தில் ரெப்பசாஜ் என்று ஒரு முறை உண்டு. இறுதிப்போட்டிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்கு இன்னொரு வாய்ப்பு. 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் தோற்றார். கோப்லோவா இறுதிக்குப் போனதால்தான் சாக்‌ஷிக்குக் கதவு திறந்தது, வெண்கலம் வந்தது.

இப்போது பாரிஸுக்கு வாருங்கள். வினேஷுக்குப் பதிலாக, அவரிடம் அரையிறுதியில் தோற்ற குஸ்மான் இறுதிக்குப் போனார். ரெப்பசாஜில் யார்? சுசாகியும் லிவாச்சும். இரண்டு பேரும் குஸ்மானோடு மோதவே இல்லை. வினேஷிடம் தோற்றார்கள் என்ற ஒரே தகுதியில் வந்தவர்கள். சுசாகி வெண்கலம் வாங்கினார். (அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.) அதாவது வினேஷ் இறுதிக்கு வந்தது மற்றவர்களுக்குச் செல்லும், வினேஷுக்கு மட்டும் செல்லாது! விளையாட்டு நடுவர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே தீர்ப்பில் நடுவர், வினேஷ் எந்தத் தப்பும் செய்யவில்லை, இந்த விளைவு மிகக் கொடூரமானது என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்.

"அப்புறம் எதுக்கு 50 கிலோவுல நிக்கணும்?" நியாயமான கேள்வி. 2019-லும் 2022-லும் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியது 53 கிலோவில். 2023-ல் பாதி வருஷம் ஜந்தர் மந்தரில் போனது. கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் சொல்லித் தெருவில் உட்கார்ந்தார்கள், மே 28 அன்று போலீஸ் இழுத்துப்போனது. ஆகஸ்டில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குள் 53 கிலோ ஒலிம்பிக் இடத்தை அந்திம் பங்கல் வாங்கிவிட்டார், அதுவும் நேர்மையாக. மிச்சம் 50. அதில் இறங்கியது வினேஷின் முடிவுதான், எடைக்கு அவரும் அவர் குழுவும் பொறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பாயில் இருக்க வேண்டிய மாதங்களை நடைபாதையில் கழிக்க வைத்தது எது என்று கேட்காமல் சாப்பாட்டுத் தட்டை மட்டும் எட்டிப் பார்ப்பது என்ன நியாயம்?

போட்டி முடிந்த மறுநாள் ஓய்வு என்றார். அக்டோபரில் ஜூலானா தொகுதியில் நின்று எம்.எல்.ஏ. ஆனார். "பார்த்தியா, எல்லாம் அரசியல்" என்று அதற்கும் டீக்கடையில் ஒரு கச்சேரி. 2025 டிசம்பரில், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸை நோக்கித் திரும்பி வருவதாக அறிவித்தார்.

ஐயா, அடுத்த டீ என் கணக்கு. அதைக் குடிப்பதற்குள் இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: வினேஷ் ஜெயிக்கவே இல்லையென்றால், சுசாகி யாரிடம் தோற்று ரெப்பசாஜுக்கு வந்தார்?