பட்டா ஒருவருக்கு, பலி இன்னொருவருக்கு

கோவையின் மேற்குப் புறநகரில் யானை நடமாடுவதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒருவர் கொதித்து எழுதியிருக்கிறார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் சொல்வதை அவருக்கு முன் பலர் சொல்லிவிட்டார்கள், இனியும் சொல்வார்கள். ஆகவே ஆளை விட்டுவிட்டு வாதத்தைப் பிடிப்போம். யானைகள் பெருகிவிட்டன, காடு கொள்ளவில்லை. பட்டா நிலத்தில் காட்டு விலங்குக்கு என்ன வேலை. பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடுவது ஒன்றே வழி. இதை எதிர்ப்பவர்கள் குளிர்சாதன அறையில் அமர்ந்து கானுயிர்க் காதல் பேசும் நகரத்தார். இவ்வளவுதான் அவர் வாதம். கடைசியில் தமிழ் மரபும் தம் பக்கமே என்று காட்டச் சங்கப் பாடல் ஒன்றையும் இழுத்து வந்திருக்கிறார். இதில் ஒன்றுகூட உரசிப் பார்த்தால் நிற்காது.

முதலில் எண்ணிக்கை. தமிழகத்தில் 2017 கணக்கெடுப்பில் 2,761 யானைகள், 2023 கணக்கெடுப்பில் 2,961. ஆறாண்டுகளில் மாநிலம் முழுமைக்கும் கூடியவை 200. இதைத்தான் அவர் பெருக்கம் என்கிறார். ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈன்று, அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் விலங்கு அது. பந்திப்பூரில் மேய்ந்துவிட்டு முதுமலையில் தண்ணீர் குடிக்கும் அதற்குக் கர்நாடகமும் தமிழகமும் ஒரே காடு. ஒரு மாநிலத்தின் கணக்கு கூடுவதில் எவ்வளவு பிறப்பு, எவ்வளவு இடப்பெயர்ச்சி என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்கு எழவில்லை. காடு கொள்ளவில்லை என்பவர், காட்டுக்குள் புல் முளைக்கவேண்டிய இடத்தை உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் அடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாரா? நாளுக்குச் சுமார் 150 கிலோ தின்னவேண்டிய உடம்பு அங்கே எதைத் தின்னும்?

அடுத்தது பட்டா. கட்டுரையின் உயிர்நாடியே இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். தடாகம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம், அவரும் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஐந்து ஊராட்சிகளில் நூற்றுக்கணக்கில் செங்கல் சூளைகள் எரிந்துகொண்டிருந்தன. பட்டா நிலத்தில்தான் செம்மண் தோண்டினார்கள். தோண்டிய குழிகளில் ஓடைகள் திசைமாறின, மேய்ச்சல் நிலம் மறைந்தது, யானைகள் தலைமுறை தலைமுறையாக மலைக்கும் மலைக்கும் இடையே நடந்த தடம் வெட்டுண்டது. போதாததற்குச் சூளைக்கு எரிக்கவென்று பனைமரத் துண்டுகளைக் குவித்துவைத்தார்கள். பனையின் சோறு யானைக்கு விருப்பமான தீனி. வழியை மறித்துவிட்டு, மறித்த இடத்திலேயே இரையும் போட்டுவிட்டு, வந்தது குற்றம் என்றார்கள்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் நடமாடிய விநாயகன் என்ற யானை பிடிபட்டது 2018 டிசம்பரில். இன்னொரு யானையான சின்னத்தம்பி பிடிபட்டது 2019 ஜனவரியில். உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய் மாவட்ட நிர்வாகம் சூளைகளை மூடச் சொன்னது 2021 மார்ச்சில். விதியை மீறி மண் அள்ளியவர்களுக்கு முன்பாக, இரண்டு ஆண்டுகள் முன்பாக, யானைகள் தண்டிக்கப்பட்டுவிட்டன. பட்டாவின் புனிதத்தைப் பக்கம் பக்கமாகப் பாடும் கட்டுரையாளர் இந்த வரிசையைக் குறிப்பிடவே இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் தடாகத்தைப் பற்றி எழுதும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் வேறு பேச்சு.

பட்டா என்பது நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதற்கான சான்று. ஓடைக்குக் குறுக்கே நிற்கும் மனைக்குப் பட்டா இருக்கிறது என்பதால் மழைத்தண்ணீர் சுற்றிக்கொண்டு போவதில்லை. இதைச் சூழலியலாளர் சொன்னால் கட்டுரையாளருக்குக் கசக்கும், நீதிமன்றம் சொன்னதையாவது அவர் படித்திருக்கலாம். நீலகிரியின் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தின் மேல் எழுந்த விடுதிகளின் உரிமையாளர்களும் இதே பட்டாவைத் தூக்கிக்கொண்டுதான் வழக்காடினார்கள். வழித்தடத்தை உறுதிசெய்து சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் தந்த தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. நாட்டின் உச்ச மன்றத்தில் தோற்றுப்போன வாதத்தை, தோற்றது என்று சொல்லாமல், தம் சொந்தக் கண்டுபிடிப்புப் போல வாசகர் முன் வைப்பது என்ன வகை நேர்மை?

பிடித்து வேறு காட்டில் விடுவது என்ற தீர்வுக்கு வருகிறேன். இதை ஏதோ யாரும் முயலாத துணிச்சலான யோசனையாக அவர் எழுதுகிறார். முயன்றாயிற்று, திரும்பத் திரும்ப முயன்றாயிற்று. 2016 ஜூனில் மதுக்கரை மகாராஜ் என்ற யானையைப் பிடித்து ஆனைமலையில் வரகளியாறு மரக்கூண்டில் அடைத்தார்கள். சில நாட்களுக்குள் அது செத்தது. முதுமலைக்குக் கொண்டுபோன விநாயகன் அந்தப் பக்கத்திலும் பயிருக்குள் இறங்குவதை விடவில்லை. டாப்சிலிப்புக்குக் கொண்டுபோன சின்னத்தம்பி அங்கே தங்காமல் உடுமலைப் பக்கம் நடந்து, மடத்துக்குளம் கரும்புக் காடுகளில் நின்றது. பிப்ரவரி நடுவில் மறுபடி பிடித்து முகாமில் கட்டினார்கள். 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஒரு மனிதர் உயிரிழந்தார்.

இவை எல்லாவற்றையும்விடக் கட்டுரையாளருக்கு நேரடியாகப் பதில் சொல்வது ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானையின் கதை. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் அதைப் பிடித்தார்கள். பயிருக்கு வந்தது, ஆகவே பிடித்து வேறு காட்டில் விடுவது என்று, கட்டுரையாளர் சொல்லும் மருந்தையே அப்படியே கொடுத்தார்கள். ஆனைமலையில் விட்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. அது கிளம்பி, பொள்ளாச்சிப் பக்கம் கடந்து, கிணத்துக்கடவு கடந்து, மதுக்கரை வழியாக, வீடும் கடையும் பேருந்துமாக நெரியும் குனியமுத்தூருக்கே வந்துவிட்டது. பேரூர்ப் பக்கம் மறுபடி மயக்க ஊசி. வால்பாறைப் பக்கத்து மானாம்பள்ளிக் காட்டில் மறுபடி விடுதலை. அங்கிருந்தும் இறங்கி வந்து சரளபதித் தோட்டங்களில் மாதக்கணக்கில் நின்றது. ஜூலை இறுதியில் மூன்றாம் முறை பிடித்தார்கள். தருமபுரியின் பயிர்ச்சேதம் கோவை மாநகரத்தின் பீதியாகவும், பிறகு பொள்ளாச்சி விவசாயியின் பயிர்ச்சேதமாகவும் மாறியது. புறநகருக்குள் யானை வருகிறதே என்று அலறுகிறவர் பரிந்துரைக்கும் தீர்வே, வராத புறநகருக்கும் யானையைக் கூட்டி வந்திருக்கிறது! ஓராண்டுச் செய்தித்தாள்களைப் புரட்டினாலே கிடைக்கும் செய்தி இது. புரட்டாமல் தீர்வு சொல்ல எப்படித் துணிவு வந்தது?

சிறுத்தைக்கும் இதே பாடம்தான். மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் வட்டாரத்தில் சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறிடங்களில் விட்டபோது, விட்ட இடங்களின் அருகே மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியதை வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். 

சங்கப் பாடலுக்கு வருவோம். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184-ஆம் பாடலை எடுத்துக்காட்டி, யானை வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம் என்று அன்றே பாடிவிட்டார்கள், ஆகவே யானையை விரட்டுவது தமிழ் மரபு என்கிறார். பாட்டின் முதற்பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கவேண்டும். அந்தப் பாடலில் யானை உவமை, குற்றவாளி அரசன். முறையறிந்து வரி கொள்ளாமல், தரம் தெரியாத சுற்றத்தோடு சேர்ந்து குடிகளின் நிலத்தை உலைக்கும் வேந்தனைப் புலவர் முகத்துக்கு நேரே இடித்துரைக்கிறார். அளவறியாமல் நிலத்தை அள்ளும் அதிகாரத்தின் மேல் பாய்ந்த பாட்டை, அளவறியாமல் நிலம் அள்ளியவர்களுக்கு அரணாக நிறுத்துவதற்கு மிகுந்த அறியாமை வேண்டும், அல்லது மிகுந்த சாமர்த்தியம் வேண்டும். குறிஞ்சித் திணையில் பரண்மேல் இருந்து தினைப்புனம் காத்தவர்களும் இருக்கிறார்கள், தட்டையும் தழலும் கவணும் வைத்திருந்தார்கள். அவர்கள் புனத்தைக் காத்தார்கள். மலையை எழுதிக் கேட்கவில்லை.

இனி அந்தக் குளிர்சாதன அறைக் குற்றச்சாட்டு. யானை தாக்கிச் சாகிறவர்களுக்காகத் தாம் மட்டுமே கண்ணீர் விடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சாகிறவர்கள் யார்? விடியலுக்கு முன் வேலைக்கு நடந்துபோகிற கூலிப்பெண், கழிப்பறை இல்லாமல் இருட்டில் ஒதுங்குகிறவர், தோட்டத்துச் சாளையில் தனியே படுத்துக் காவல் காக்கும் முதியவர், மலையடிவாரத்து இருளர் குடியிருப்பில் விறகுக்குப் போனவர். அந்த மரணங்கள் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியவை, ஒவ்வொன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனால் அடிவாரத்தில் மனைப்பிரிவு போட்டு, மலை தெரியும் ஜன்னல் என்று விளம்பரம் செய்து, சுற்றுச்சுவர் எழுப்பி விற்றவர் அந்தப் பட்டியலில் இல்லை. சுவரில் முட்டித் திரும்பிய யானை எங்கே போகும்? சுவர் இல்லாதவன் தோட்டத்துக்கு. லாபம் சுவருக்கு உள்ளே, சாவு சுவருக்கு வெளியே. செத்தவனின் பிணத்தை முன்னால் கிடத்தி, அதன் மறைவில் சுவர் கட்டியவனுக்காக வாதாடும் கட்டுரை எழுதிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து ஏழைகளை மறந்தவர்கள் என்று சொல்ல இவருக்கு நா கூசவில்லை.

நியாயமான கோபம் ஒன்று இதில் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2024-இல் 42 வழித்தடங்களைப் பட்டியலிட்டு வரைவு அறிக்கை வந்தபோது கூடலூர்ப் பகுதி மக்கள் கொதித்தெழுந்தார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைக் காடுகளில் வேரூன்றியவர்களும், கால் ஏக்கர் அரை ஏக்கர் சிறு விவசாயிகளும் தங்கள் வீடு என்ன ஆகும் என்று கேட்டது முற்றிலும் சரி. மக்களிடம் பேசாமல் வரைபடத்தில் கோடு போடும் அரசு எதிர்க்கப்படவேண்டியதே. ஆனால் கட்டுரையாளர் அந்தக் கூடலூர்க் குடும்பங்களின் அச்சத்தைக் கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கோவை மனைப்பிரிவுக்காரர்கள் கையில் கொடுக்கிறார். வழித்தடம் என்று அறிவித்தால் அடிவாரத்து நிலத்தின் விலை சரியும் என்று இரண்டு இடங்களில் அவரை அறியாமல் எழுதிவிட்டார். மனித உயிரைப் பற்றிய கட்டுரைக்குள் சென்ட் விலை எதற்காக வந்தது? அந்த இரண்டு வரிதான் முழுக் கட்டுரையின் காரணமும். மீதியெல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

யானையை அகற்றினால்தான் மனிதர் பிழைப்பார்கள் என்பதும் பொய். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் வேலைசெய்து கண்டது, பலியானவர்களில் பெரும்பாலோருக்கு அருகே யானை நிற்பதே தெரியாது என்பதுதான். உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தி, கைப்பேசியில் தகவல், யானை நிற்கும் பகுதியில் எரியும் சிவப்பு விளக்கு என்று எளிய ஏற்பாடுகள் செய்தார்கள், சாவு குறைந்தது. நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்த அதே மதுக்கரைத் தடத்தில், 2024 பிப்ரவரி முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டு ரயில்வேக்குச் சொல்கின்றன. இவற்றில் எதுவும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை, ஏனென்றால் இவற்றால் ஒரு சென்ட் நிலமும் விடுபடாது.

அவர் மறந்த இன்னொரு பிணமும் உண்டு. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை நோயுற்று விழுந்தது. வனத்துறை மருத்துவர்கள் நாட்கணக்கில் போராடியும் பிழைக்கவில்லை. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கருவும் இருந்தது, பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. அந்தப் பக்கத்துக் குப்பைக் கிடங்குக்கு யானைகள் வந்து மேய்வது ஊரறிந்த சங்கதி. ஊருக்குள் யானை ஏன் வருகிறது என்று ஆயிரக்கணக்கான சொற்களில் ஆராய்ந்தவர் குப்பை என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதவில்லை.

தடாகம், தொண்டாமுத்தூர், மருதமலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். மலையடிவாரத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்து, அதிகாலையில் நடப்பவர்களுக்குத் தெருவிளக்கும் பேருந்தும் கொடு, யானை நிற்பதை அந்த இரவே எல்லார் கைப்பேசிக்கும் அனுப்பு, மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி இல்லாத மனைப்பிரிவுகளின் பெயர்களைப் படித்துக் காட்டு என்று கேளுங்கள். தீர்மானம் நிறைவேறும்வரை எழுந்து வராதீர்கள்.