ஒரு கேள்வி, மூன்று விடைகள்

எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சலித்து, பருமனுக்கேற்ப விலை வைப்பார்கள். நான்கு காய்களின் விட்டம் 6, 7, 8, 9 மி.மீ. எனக் கொள்வோம். கீழிருந்து கால் பங்கு முடியும் இடம், அதாவது முதல் கால்மானம், என்ன?

நாம் சூத்திரம் எதையும் குறிப்பிடாவிட்டால், விலைக்கு விற்கும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் 6.25 என்னும், சாஸ் 6.5 என்னும், இலவசமான 'ஆர்' 6.75 என்னும்! எதுவும் பிழையன்று, சூத்திரங்களே வேறு. 6 முதல் 9 வரை மூன்று இடைவெளிகள். அதில் கால் பங்கு 0.75. இதுவே 'ஆர்' போடும் கணக்கு.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இஹாக்காவும் ஜென்டில்மேனும் உருவாக்கிய 'ஆர்', 1995 முதல் மூல நிரலோடு பொதுவில் கிடைக்கிறது. ஒன்பது சூத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்கிடும் வரிகளையே திறந்து படிக்கலாம். விலைக்கு வருபவற்றின் கையேடுகளும் சூத்திரத்தைச் சொல்லும், நிரலைக் காட்டா. பணம் கொடுத்தவருக்கு உதவ ஆள் உண்டு என்பது மெய்தான். ஆயினும் பள்ளிக்கு நான் 'ஆர்' பக்கமே. செய்முறைக் குறிப்பேட்டில் வழியைக் காட்டாத விடைக்கு நான் மதிப்பெண் இடுவதில்லை.