பதிவானது பத்திரம், உரிமை அன்று

சில மாதங்களுக்கு முன், பெங்களூருவின் புறநகரில் மனை வாங்க முனைந்த சக ஆய்வாளர் ஒருவர் ஆவணக் கட்டொன்றை என்னிடம் காட்டினார். பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் உண்டு. வில்லங்கச் சான்றில் குறையில்லை. காத்தாவும் விற்பவர் பெயரில் உள்ளது. இனி என்ன வேண்டும் என்றார். கல்வெட்டுப் படிகளை ஐயுற்றே பத்தாண்டுகள் கழித்தவர் அவர். தம் சேமிப்பு முழுவதையும் செலுத்தவிருந்த இடத்தில் மட்டும் அந்த ஐயத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

முதன்முறை மண்ணில் பணம் போடும் நம்மில் பலரின் நிலையும் இதுவே. அரசாங்கமே பதிந்து கொடுத்தது என்னும் நம்பிக்கைதான் பிழையின் வேர். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம் மட்டுமே. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை. முந்தைய உரிமை ஆவணத்தைக் காட்டாவிடில் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு வகுத்த விதியை, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உரிமைப் பதிவேட்டுக்கு அரசின் உறுதியைத் தர ஆந்திரப் பிரதேசம் இயற்றிய சட்டமும் 2024இல் நீக்கப்பட்டது. ஆகவே சோதிக்கும் கடமை வாங்குபவர் தலையிலேயே நிற்கிறது.

ஒவ்வோர் ஆவணமும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று பிரித்தறிவதே இதில் முதற்பாடம். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டும் காட்டும். பதிவு செய்யப்படாத உயிலையும் வாய்மொழிக் குத்தகையையும் அது அறியாது. காத்தா, வரி வசூலுக்கான குறிப்பு. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியே நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. வங்கி கடன் தருகிறதே என்பாரும் உளர். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். நமக்கென ஒருவர் வேண்டும்.

நண்பரின் கட்டில் 2009ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தது. பூர்வீக நிலம், கையெழுத்திட்டோர் இரு மகன்கள். பெண்மக்கள் உண்டா என்று கேட்டோம். "மூன்று பேர் சார், கல்யாணத்தின்போதே நகை போட்டு அனுப்பிவிட்டார்கள்" என்றார் தரகர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த மூவரில் ஒருவர் வழக்குத் தொடுத்தாலும் மனையின் கதி என்ன?

என் கருத்து இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. ஆவணச் சோதனையைத் தற்காப்பு என்று மட்டுமே முதலீட்டு ஆலோசகர்கள் கற்பிக்கின்றனர். அதில் அறமும் அடங்கியிருக்கிறது. ஆவணக் காப்பகங்களில் இடம்பெறாத குரல்களைத் தேடிக் கட்டுரை எழுதும் நாம், நம் பெயருக்கு வரவிருக்கும் பத்திரத்தில் விடுபட்ட பெயர்களைத் தேடாமல் கையொப்பமிட்டால், அந்த விலக்கலில் நமக்கும் பங்குண்டு. வழக்கு வராமற்போகலாம்; அதனால் அநீதி இல்லையென்று ஆகாது.

அடுக்ககம் வாங்குவோருக்குச் சற்றே பாதுகாப்பு உண்டு. 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. ஆயினும் அடியிலுள்ள நிலத்தின் வரலாற்றை நாமே படித்தாக வேண்டும். மூலப்பத்திரம் தொடங்கி முப்பதாண்டுத் தொடர்ச்சியைப் படிப்பது வழக்கறிஞர்களின் நெடுநாள் மரபு. ஒரு சுவடியின் பிரதிகளை ஒப்புநோக்கும் பொறுமை உடையவர்க்கு அது அரிய செயலன்று.

மூன்று சகோதரியரும் கையொப்பமிட்டால் வாங்குவதாக நண்பர் சொல்லியனுப்பினார். அதன்பின் தரகர் தொலைபேசியை எடுக்கவில்லை. அம்மனையை இந்நேரம் வேறொருவர் வாங்கியிருக்கக்கூடும். அவரும் நம்மைப்போல் படித்தவராகவே இருக்கக்கூடும்.