மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறாள்:

"அக்கா, துபாயிலிருந்து லீவில் வந்த காக்கா எனக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவில் நன்றாகத்தான் ஓட்டுகிறேன். கடற்கரை மணலில் இறங்கினால் விழுகிறேன். இரண்டு தடவை முழங்கை சிராய்ந்துவிட்டது. 'உனக்கு இது வராதும்மா, மாசக் கடைசியிலே வித்துடுவோம்' என்கிறார்கள் உம்மா. மலையே இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு மலைச் சைக்கிள் வராதா?"

ஏன் வராது, தங்கச்சி? 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக மலைச் சைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டது. ஆண்கள் பிரிவில் தங்கப் பதக்கம் வாங்கியவர் யார் தெரியுமா? பார்ட் பிரென்ட்ஜென்ஸ் என்கிற டச்சுக்காரர். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத தேசம் ஹாலந்து!

உன்னிடம் குறை ஒன்றுமில்லை. ஒரே தெருவில், ஒரே விதமாக ஓட்டிப் பழகியிருக்கிறாய், அவ்வளவுதான். தினம் பருப்புக் குழம்பே வைத்துக்கொண்டிருந்தால் மீன் குழம்பின் பதம் கைக்கு எப்படி வரும்? சைக்கிளும் அப்படித்தான். பலவிதமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் கற்றது இன்னொன்றில் கைகொடுக்கும்.

முதலில், மெதுவாக ஓட்டிப் பழகு. பொங்கல் விளையாட்டுகளில் 'ஸ்லோ சைக்கிள்' பந்தயம் பார்த்திருப்பாயே? கடைசியில் வருகிறவருக்குப் பரிசு! வேடிக்கை என்று நினைக்காதே. காலைக் கீழே ஊன்றாமல் நத்தை மாதிரி நகர்கிறவளுக்குத்தான் சமநிலை முழுசாகக் கைவந்திருக்கிறது. மலைப்பாதையில் பாறைக்கும் மரவேருக்கும் நடுவே உதவுவது இந்த வித்தைதான்.

இரண்டாவது, 'குரங்குப் பெடல்'. சின்னப் பையன்கள் பெரிய சைக்கிளின் பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதிப்பார்கள். சைக்கிள் ஒரு பக்கம் சாயும். உடம்பு மறுபக்கம் சாயும். ஆனாலும் விழமாட்டார்கள். சைக்கிள் வேறு, உடம்பு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீ அப்படி மிதிக்க வேண்டாம். சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலையும் மட்டமாக நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் சற்று மடக்கி நில். சைக்கிளை மட்டும் இடமும் வலமும் சாய்த்துப் பார். மேடு பள்ளத்தில் அதிர்ச்சியை உடம்பு வாங்காமல் கைகால்கள் வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, எதிர்காற்று. கச்சான் வீசும் நாட்களில் அதிகாலையில், துணையோடு, ஏர்வாடிப் பக்கம் கொஞ்ச தூரம் போய் வா. உடம்பைத் தாழ்த்தி, லேசான கியரில், ஒரே தாளத்தில் மிதி. மேட்டில் ஏறுவதற்கும் இதே பொறுமைதான் வேண்டும். உனக்கு மலை இல்லாவிட்டால் என்ன, காற்று இருக்கிறதே!

இப்போது மணலுக்கு வருவோம். டயரைக் கல் மாதிரி அடித்து வைக்காதே. கொஞ்சம் காற்றை இறக்கினால் டயர் அகன்று மணல் மேல் நிற்கும். அடியோடு இறக்கிவிட்டால் கல்லில் இடித்து டியூப் கடிபடும். மணல் வருவதற்கு முன்பே லேசான கியருக்கு மாறிவிடு. இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளு. ஹாண்டிலை இறுகப் பிடிக்காதே. முன் சக்கரம் லேசாக அலைந்தால் அலையட்டும். சட்டென்று திருப்பாதே, முன் பிரேக்கை அழுத்தாதே, மிதிப்பதை நிறுத்தாதே. கண் சக்கரத்தின் மேல் வேண்டாம். பத்தடி தள்ளிப் பார். பயந்து நிறுத்தினால்தான் மணல் பிடித்துக்கொள்ளும்.

சாலை ஓரத்துச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள். ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாமல் மணலில் இறங்காதே.

பலவிதமாக ஓட்டுவதால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரான்ஸ் தேசத்துப் பவுலின் பெர்ரான் பிரேவோவைச் சொல்லலாம். சாலைப் பந்தயம், சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ், மலைச் சைக்கிள் ஆகிய மூன்றிலும் 2015-ல் ஒரே சமயத்தில் உலக சாம்பியன் பட்டம் வைத்திருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளில் தங்கம். அடுத்த வருஷமே சாலைக்குத் திரும்பி, பெண்களுக்கான டூர் டி பிரான்ஸையும் ஜெயித்தார்!

உன் உம்மாவுக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளை விழுந்து எழுந்தால் தாய் மனசு பதறத்தான் செய்யும். ஆனால் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததை அவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் உண்டு, விவசாயக் கூலிகளும் உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திராமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! தண்ணீர்க் குடத்தையும் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பின்னால் பாரம் ஏறினால் முன் சக்கரம் லேசாகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஓட்டி ஓட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் முழங்கை சிராய்ந்திருக்கும்.

ஆகவே அம்மா, சைக்கிளை இந்த மாசக் கடைசியில் விற்க வேண்டாம். இரண்டு மாசம் தவணை கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மெது ஓட்டம், ஒரு நாள் எதிர்காற்று, ஒரு நாள் மணல் என்று மகள் பழகட்டும். முடிந்தால் மணல் நாளன்று நீங்களும் கூடப் போய்ச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பார்த்தால் பயம் குறையும். பெண்ணுக்கும் தைரியமாக இருக்கும்.