முதலில் வாங்கு, பிறகு அனுப்பு



ஒரு சனிக்கிழமை இரவு, உரிகத்தில் ஒரு வாலிபத் தம்பியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தங்கவயலின் பலரைப்போல அவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர். ஞாயிறுதோறும் சபையில் கிட்டார் வாசிக்கிறார். ஒருவர் உபயோகித்து விற்ற கிட்டார் புராசசர் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் சிறு திரையைப் பார்த்துக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகுவதைவிட, கணினித் திரையில் அனைத்தையும் ஒருங்கே கண்டு திருத்துவது எளிதென்று அறிந்து, அன்று மாலை மிடி கம்பியால் இரண்டையும் இணைத்திருக்கிறார்.

நான் போனபோது அவர் முகம் வாடியிருந்தது. "அண்ணா, மூன்று மாதம் உட்கார்ந்து அமைத்த டோன்கள் எல்லாம் போய்விட்டன. நாளை ஆராதனையில் எதைக்கொண்டு வாசிப்பேன்?" என்றார்.

நடந்தது இதுதான். எடிட்டர் மென்பொருளைத் திறந்தவுடன், அதிலிருந்த வெறுமையான தொகுப்பு முழுவதையும் கருவிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார். கருவி கீழ்ப்படிந்தது. பழையவை அழிந்தன.

மிடி என்பது 1983-ஆம் ஆண்டு வெளிவந்த பொதுமொழி. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்று உழைத்தவர்கள். அதனால் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடிந்தது. இதற்காக 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

ஆனால் மிடி கம்பியில் ஓசை செல்வதில்லை. கட்டளை மட்டுமே செல்கிறது. தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களில் மணியோசையே கட்டளை. மணியைக் கேட்டு வைண்டிங் இன்ஜின் ஓட்டுகிறவர் கூண்டை ஏற்றுவார், இறக்குவார். மணி எவரையும் தூக்கவில்லை. ஆயினும் தவறான மணி பெரும் ஆபத்து. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த ஒழுங்கை அறிந்த பெரியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

இனி இணைக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, கம்பிகள் இரண்டும் வேண்டும். கருவியின் "அவுட்" கணினியின் "இன்"னுக்கும், கணினியின் "அவுட்" கருவியின் "இன்"னுக்கும் செல்லவேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கணினி கேட்கும், பதில் வராது. யு.எஸ்.பி. மிடி கம்பிகளில் எழுதியிருக்கும் பெயர் சிலவற்றில் கணினியின் பக்கத்தையும், சிலவற்றில் கருவியின் துளையையும் குறிக்கும். இணைப்பு கிடைக்காவிட்டால் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள், கெடுதல் இல்லை. கிட்டாரின் ஓசைக்கு வழக்கமான கம்பி தனியே இருக்கவேண்டும். பாஸ் ஜிடி-8 போன்ற பழைய கருவிகளுக்கு இம்முறை பொருந்தும். 2008-இல் வந்த ஜிடி-10 போன்றவற்றில் யு.எஸ்.பி. துளையே உண்டு.

இரண்டாவது, மென்பொருளில் சரியான மிடி வாயில்களைத் தெரிவு செய்யுங்கள். கருவியின் டிவைஸ் எண்ணும் மென்பொருளிலுள்ள எண்ணும் ஒன்றாயிருக்கவேண்டும். பாஸ் கருவிகளில் அது பெரும்பாலும் 17.

மூன்றாவது, எதையும் அனுப்புமுன் கருவியிலுள்ள அனைத்தையும் கணினிக்குள் வாங்கி, தேதியிட்டு ஒரு கோப்பாகச் சேமியுங்கள். அதன்பின் ஒரே ஒரு டோனை மட்டும் திருத்தி அனுப்பிப் பாருங்கள். திருத்தியதைக் கருவியில் "ரைட்" செய்யாவிட்டால், வேறு டோனுக்கு மாறியவுடன் அது மறைந்துபோகும்.

நான்காவது, பொறுமை. மிடி விநாடிக்கு 31,250 பிட்டு வேகத்தில் செல்வது. அதாவது 3,125 பைட்டு. 30,000 பைட்டுத் தொகுப்புக்கு ஏறக்குறைய 10 விநாடி ஆகும். அதற்குள் கம்பியைப் பிடுங்கவேண்டாம். டோன் எண் மாறுகிறது, ஆனால் தொகுப்பை மட்டும் வாங்க முடியவில்லை என்றால் கம்பியைச் சந்தேகியுங்கள். மலிவான சில கம்பிகள் சிறு கட்டளைகளைச் சுமக்கும். நீண்ட செய்தியை வழியில் சிந்திவிடும்.

தம்பியின் பழைய டோன்கள் திரும்பவில்லை. அன்றிரவு நாங்கள் இருவரும் அமர்ந்து, துதிப்பாடல்களுக்கு ஒன்றும், அமைதியான ஆராதனைக்கு ஒன்றுமாக இரண்டே டோன்களைக் காதால் கேட்டு அமைத்தோம். மறுநாள் அவை போதுமானவையாயிருந்தன. ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டிற்குச் சென்று முதலில் செய்த வேலை, அவ்விரண்டையும் கணினியில் வாங்கிப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்ததுதான்.

உங்கள் கருவியின் நகல் எங்கே இருக்கிறது? இல்லையென்றால், அடுத்த ஞாயிறு வருமுன் எடுத்துவிடுங்கள்.